சவரிமுத்துவின் தூக்கம் கலையாமல் நான் புரட்டிய கதை

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே,

நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு உங்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து, என் மனைவி போடும் கோப்பியைக் குடித்துவிட்டு, அந்தக் காலத்தில் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறீர்கள். கேட்டால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்ட பழைய ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத நோயாளி ஒருவர் வார்டில் இருக்கிறார், இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்று உத்தரவு. ஆனால் அவர் பாவம் எத்தனையோ நாளைக்குப் பிறகு கண் அயர்ந்திருக்கிறார். எழுப்பத்தான் வேண்டுமா, ஒரு ராத்திரி விட்டால் என்ன என்று கேட்டார். அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன். எவ்வளவு ஸ்பிரிட் தேய்ப்பது, எந்தப் பவுடர், விரிப்பைச் சுருக்கமில்லாமல் எப்படி இழுத்துக் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். ஒரு மனிதரின் முதுகை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரெசர் வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது போதும். மீசைக்கு மெழுகு போடுவேன். நடந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும் புதுச் சப்பாத்து ஒன்று வைத்திருந்தேன். அந்தச் சத்தம் ஒரு அதிகாரியின் சத்தம் என்பது என் எண்ணம்.

ஒரு மழை நாள் சாயங்காலம் சவரிமுத்துவைக் கொண்டுவந்தார்கள். ரயில்வேயில் விளக்குப் போடும் வேலை. கைகாட்டிக் கம்பங்களில் ஏறி, மண்ணெண்ணெய் விளக்குகளைத் துடைத்து ஏற்றிவிட்டு இறங்கவேண்டும். ஈரத்தில் ஏணிப்படி வழுக்கி, முதுகு தண்டவாளத்தில் படும்படி விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. நாற்பதை நெருங்கிய, நல்ல திடகாத்திரமான மனிதர். மனைவி அந்தோணியம்மாள் நடைபாதையில் ஆப்பம் சுட்டு விற்பவர். விஷயம் கேட்டு, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கையில் மாவோடு ஓடிவந்திருந்தார்.

முதுகு ஒடிந்தவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் வார்டிலிருந்து எப்படிப் போவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒடிந்த முதுகு அவர்களைக் கொல்லாது, படுக்கைதான் கொல்லும். நீங்களும் நானும் தூங்கும்போதுகூட நம் தோல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இங்கே அழுத்துகிறது, அங்கே வலிக்கிறது என்று. நாம் நமக்கே தெரியாமல் புரண்டு படுத்துக்கொள்வோம். அவர்களுடைய தோலுக்கு அந்த வாய் அடைத்துப்போய்விடும். ஒரே இடத்தில் கிடந்தால் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழியாகும். அந்தக் குழி எலும்பு வரைக்கும் போகும். காய்ச்சல் வரும். அதற்குப் பிறகு பாதிரியாரையோ பூசாரியையோ கூப்பிடுவதுதான். வெள்ளைக்கார டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, இரவும் பகலும் புரட்டச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், குடும்பத்தோடு இருக்கட்டும் என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அந்தோணியம்மாளும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் புரிந்துகொண்டது தெரிந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த ஒரு முதுகையாவது புண் இல்லாமல் வைத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தவுடன் நான் செய்த முதல் காரியம், மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் வளையத்தைத் தேடிப் போனது.

காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதன்மேல் இடுப்பை வைத்தால் முதுகின் அடி எலும்பு படுக்கையில் படாது. நல்ல யோசனைதான். கொஞ்சமாகக் காற்று அடித்து, கொஞ்ச நேரம் வைத்தால் போதும். நான் அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் காற்று கொஞ்சம் நல்லது என்றால், நிறையக் காற்று நிறைய நல்லதுதானே என்று சைக்கிள் டயர் மாதிரி அடித்து வைத்தேன். மறுநாள் காலையில் அவரைப் புரட்டியபோது, பின்பக்கத்தில் வட்டமாக, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் ஒரு சிவப்புக் கோடு.

எங்கள் பெரிய டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் பேசுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஐசே, ஆளுக்கு நீர் முத்திரையெல்லோ குத்தியிருக்கிறீர்” என்றார்.

சிவப்பில் விரலை வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினால் வெளுத்தது. வெளுத்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் பாரமே படாமல் ஒருக்களித்தும் குப்புறவும் மாற்றி மாற்றிப் படுக்க வைத்து, சில நாளில் கோடு மறைந்தது. வளையம் ஸ்டோருக்குத் திரும்பிப் போனது. சவரிமுத்து அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒரு இடத்தில் நடந்த விஷயம் அது.

அவர் வாய் திறந்தது ராத்திரியில்தான். எனக்கு அந்த மாதம் இரவு வேலை. வார்டு அட்டெண்டன்ட் குப்புசாமியும் நானும் இருபுறமும் நின்று அவரைப் புரட்டுவோம். குப்புசாமி கனத்த ஆள். விளக்கை ஸ்டூலில் வைத்தால் ஸ்டூல் அலறும். நான் நடந்தால் சப்பாத்து அலறும். ஒவ்வொரு தடவையும் சவரிமுத்து திடுக்கிட்டு விழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் நான் தோளில் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கம்பம் ஏறிய கை. விடுவிக்க முடியவில்லை.

அன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் விட்டுவிடச் சொன்னார். காரணம் கேட்டேன். தணிந்த குரலில் சொன்னார்.

“தூங்குனாத்தான்யா எனக்குக் கால் இருக்கு. இப்பத்தான் பாதிக் கம்பம் ஏறியிருந்தேன். நீங்க எழுப்பிட்டீங்க.”

நான் விளக்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். பெரிய டிரெசர் அங்கே மேசையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் கண்கூடக் கலங்கியிருந்தது. இந்த மனிதருக்கு ஒரு இரவுத் தூக்கம் கொடுக்கக்கூடாதா என்று கொஞ்சம் நாடகமாகவே கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீர் உள்ளுக்குப் போகாமல் இஞ்சை நிக்கிறது அவருக்காகவோ, அவர் உம்மை ஏசுவார் எண்டோ?”

இவ்வளவுதான். திரும்பவும் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். சவரிமுத்து ஏசுவார் என்றுதான் பயந்தேன். அவருடைய கனவுக்காக உருகிய பங்கு கொஞ்சம். அவர் என்னை வெறுத்துவிடக்கூடாதே என்ற பங்கு அதிகம். உள்ளே போய், குப்புசாமியைக் கூப்பிட்டு, அவரைப் புரட்டினோம். அவர் ஏசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவே இல்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

ஆகவே எனக்கு இரண்டாவது யோசனை உதித்தது. நான் அவரை விழிக்க வைக்காமலே புரட்டப் போகிறேன். தோலும் பிழைக்கும், கனவும் பிழைக்கும், என் பேரும் நிலைக்கும்.

முதலில் சப்பாத்தைக் கழற்றினேன். வார்டுக்குள் வெறுங்கால். பிறகு கையைப் பழக்கவேண்டுமே. வீட்டில் புது மனைவி இருந்தார். எனக்கு வேலை இல்லாத ஒரு ராத்திரி, அவர் அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்து, பூனை மாதிரி ஊர்ந்து போய், ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, மெதுவாக உருட்டினேன். அவர் கண்ணைக்கூடத் திறக்காமல் என் கையைக் கடித்தார். கடித்துக்கொண்டே திருடன் என்று கத்தினார். கடித்தபடி எப்படிக் கத்த முடிந்தது என்பது இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் முழுவதும் கம்போடும் லாந்தரோடும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. நான் அவர்களுக்குப் படுக்கைப்புண் பற்றி விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போனேன். பெரிய டிரெசர் கட்டைப் பார்த்தார், காரணம் கேட்டார், கேட்டுவிட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

அடுத்தது குப்புசாமி. மத்தியானம் பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரைப் புரட்டிப் பார்த்தேன். குறட்டை நிற்கவில்லை. மறுபுறம் புரட்டினேன். பெஞ்சு முடிந்துபோய்க் கீழே விழுந்தார். அப்போதும் நிற்கவில்லை. என் கைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். குப்புசாமி தண்டவாளத்தில் படுத்தாலும் தூங்குகிற ஆள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றிரவு வெறுங்காலோடு போனேன். விளக்குத் திரியைச் சிறிதாக்கி, துணி போட்டு மறைத்து, கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, குப்புசாமி மறுபுறம் பிடிக்கப் புரட்டினேன். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவே ஒரு தலையணை. கணுக்காலுக்கு அடியில் இன்னொன்று. சவரிமுத்து விழிக்கவில்லை. ஒரே சீராக மூச்சு. அடுத்த தடவையும் விழிக்கவில்லை. விடிகிற வரைக்கும் விழிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் கால் தரையில் பாவவில்லை. இரவு வேலை பார்க்கும் மற்ற டிரெசர்களைக் கூட்டிவந்து காட்டினேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். ஒரு நாள் வெள்ளைக்கார டாக்டரே நேரம்கெட்ட நேரத்தில் வந்து, கட்டிலுக்கு எட்ட நின்று பார்த்தார். அன்றைக்கு சவரிமுத்து லேசாகக் குறட்டைகூட விட்டார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நின்றது. சவரிமுத்து பகலில் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்திருந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நேரம் பார்த்து மலேரியா வந்தது. முதலில் ஊருக்கு வந்தது. ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து, தரையிலெல்லாம் பாய் போட்டுக் கிடத்தினோம். பிறகு எனக்கே வந்தது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது எனக்கு ஒரே நினைப்புத்தான். நான் இல்லாமல் அவரை யார் புரட்டுவார்கள்? அந்த நெரிசலில், மூச்சு விட நேரமில்லாத வார்டில்? குப்புசாமி ஒருவர்தான். அவர் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். காய்ச்சல் வேகத்தில் சவரிமுத்துவின் முதுகு கறுத்துக் குழி விழுவதைக் கண்ணால் பார்த்தேன். எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். என் மனைவி பிடித்து இழுத்துவந்து படுக்க வைத்தார். அந்த முறை கடிக்கவில்லை.

காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய அன்று யாரையும் விசாரிக்கவில்லை. நேராக அவர் கட்டிலுக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே நான் இளைத்துவிட்டதாகச் சொன்னார். பதில் சொல்லாமல் அவரை ஒருக்களித்து, அடி எலும்பு, இடுப்பு இரண்டு பக்கம், குதிகால் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நான் விட்டுப்போனது மாதிரியே இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

யார் புரட்டியது என்று கேட்டேன். குப்புசாமிதான், தரையில் படுத்திருந்த தோட்டத்து ஆட்களில் எழுந்து நிற்க முடிந்தவர் யாராவது ஒருவர் கை கொடுப்பார் என்றார். குப்புசாமி எப்படி விழித்திருந்தார் என்று கேட்டேன். எங்கே விழித்திருந்தார், ராத்திரி கூட்ஸ் வண்டிகளை நேரக் கணக்காக வைத்து, அவை ஊதும்போதெல்லாம் தான்தான் தகரக் குவளையை அவர்மேல் எறிவதாகச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. தூக்கத்தில் இருக்கிறவர் எப்படிக் குவளை எறிவார்?

சவரிமுத்து என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஐயா, நீங்க திருப்புறப்ப நான் ஒரு நாளும் தூங்கினதில்ல. இடுப்புக்குக் கீழதான் தெரியாது. தோள் தெரியும்ல.”

அப்படியானால் டாக்டர் வந்த அன்று விட்ட குறட்டை என்று கேட்டேன்.

“உங்க மானம் போகக் கூடாதேன்னு கொஞ்சம் குறட்டையும் சேர்த்து விட்டேன்.”

நான் அவர் பேச்சைக் கேட்காமல் புரட்டிவிட்ட அந்த ராத்திரி, அவருக்கு என்னைக் கொன்றுவிடலாம் என்று இருந்ததாம். மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவருக்குக் கட்டு மாற்றினார்கள். ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து முதுகு ஒடிந்தவர் அவர். எங்களிடம் வரும்போதே பெரிய புண்ணோடு வந்தார். கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் சவரிமுத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பகல் முழுவதும் யோசித்திருக்கிறார். சாயங்காலம் அந்தோணியம்மாள் வந்தபோது, தான் சாகப் போவதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் விழித்து, நான் சரியாகச் செய்கிறேனா என்று கவனித்துவிட்டுத்தான் திரும்பத் தூங்கியிருக்கிறார். நான் அவருடைய தோலுக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் காவல் இருந்திருக்கிறார்.

இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கவேண்டும்.

“சொன்னா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்க. நீங்க பேசுனா எனக்கு அப்புறம் தூக்கம் வராதுய்யா” என்றார்.

கனவு என்னவாயிற்று என்று மட்டும் கேட்டேன். அது எங்கேயும் போகவில்லையாம். விடிகாலையில், கடைசியாகப் புரட்டிவிட்டு நாங்கள் போன பிறகு வருமாம். அதுதான் நல்ல நேரமாம், கம்பத்து மேலிருந்து பார்த்தால் டவுன் கடைத்தெருவான பத்து ரோடு வரைக்கும் தெரியுமாம். பத்து ரோடு தெரியும் அளவுக்கு உயரமான கைகாட்டி எங்கள் ஊரில் எங்கேயும் கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை.

போன வாரம் கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். புரட்டுங்கள். ஆனால் பகலிலேயே அவரிடம் உட்கார்ந்து, எதற்காகப் புரட்டுகிறோம் என்பதைச் சொல்லிவிடுங்கள், ராத்திரியில் அவருக்கு எது தொந்தரவு என்பதையும் கேட்டுவிடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. நான் மனைவியைப் புரட்டிப் பார்த்தேன், பெஞ்சிலிருந்து ஆளைத் தள்ளினேன், அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

சவரிமுத்து வீட்டுக்குப் போனார். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்ததால், கடை ஒன்றின் பின்னால் ஒரு அறை எடுத்தார்கள். அந்தோணியம்மாளுக்குக் கற்றுக் கொடுக்க நான் போனேன். அவருக்கு என் விளக்கவுரைக்கு நேரம் இல்லை. எந்தப் பக்கம் முதலில், தலையணை எங்கே, எப்போது விடியல் புரட்டு என்று கேட்டுக்கொண்டு, என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தானே செய்து பார்த்தார். சவரிமுத்து ஒருக்களித்துப் படுத்தபடியே ஊரார் விளக்குகளைப் பழுது பார்ப்பார். ஒடிந்த முதுகோடு ஒருவர் அத்தனை வருஷம் வாழ்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருடைய மகளின் கல்யாணத்துக்கு அவரை நாற்காலியோடு மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

கடைசியில் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. காலையில் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். குளிப்பாட்டும்போது அந்தோணியம்மாள் என்னைக் கை கொடுக்கச் சொன்னார். ஒருக்களித்துப் பிடித்தேன். தொழில் புத்தி போகுமா? என் கண் தானாக அடி எலும்பைப் பார்த்தது, இடுப்பைப் பார்த்தது, குதிகாலைப் பார்த்தது. ஒரு தழும்புகூட இல்லை. என்ன பார்க்கிறேன் என்பது அந்தோணியம்மாளுக்குத் தெரிந்தது. அவரும் பார்த்தார்.

துடைத்து வெள்ளைச் சட்டை போட்டு முடித்த பிறகு, அவர் எழுந்து தலையணையை எடுத்தார். சவரிமுத்துவின் முழங்கால்களை மெதுவாக விலக்கி, நடுவே வைத்து, சுருக்கமில்லாமல் வேட்டியை இழுத்துவிட்டார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.